கண்மாயில் சீமைக்கருவேலத்தை ஊர் கூடி ஒழிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டாத ஊர் கிடையாது. வெட்டிய பிறகு அது திரும்பி வராத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு தென்மாவட்டம் முழுக்க ஜேசிபி ஓடியது. அதே ஆண்டில் உத்தரவுக்கு இடைக்காலத் தடை வந்தது, வேலை பாதியில் நின்றது. அன்றைக்கு அவசரமாக வெட்டிய எத்தனையோ கண்மாய்களில் இன்று ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் உங்கள் ஊர்க் கண்மாயில் அடுத்த ஐப்பசியில் முளைக்கப்போகும் கன்றைப் பிடுங்க எந்தக் கொள்கையும் வராது. ஊர்தான் பிடுங்க வேண்டும்.

இந்த வேலையின் சிக்கல் பணத்தில் இருக்கிறது. மரத்தை வெட்டிக்கொள்ள ஆள் தேடி வருவார்கள், காசும் கொடுப்பார்கள். தூரை, அதாவது மண்ணில் நிற்கும் அடிக்கட்டையைத் தோண்டவும், முளைத்த கன்றைப் பறிக்கவும் எவரும் தேடி வரமாட்டார்கள், அதற்கு நாம்தான் கூலி கொடுக்க வேண்டும். முதல் வேலையில் வரும் காசைக் கோயில் திருவிழாவுக்கோ மண்டபத்துக்கு வெள்ளையடிக்கவோ செலவழித்துவிட்டால் இரண்டாவது வேலைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அந்தக் காசை எப்படி முடக்கி வைப்பது, எந்த வரிசையில் செலவழிப்பது என்பதைச் சுற்றித்தான் கீழே உள்ள எல்லாமும்.

முதலில், மரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் கூட்டி வரும் ஆள்களுக்கும் ஜேசிபி ஓட்டுநருக்கும் முள் என்றால் எல்லாம் ஒரே முள்தான். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேலமும், மேட்டில் நிற்கும் உடை மரமும், எங்கோ தப்பிப் பிழைத்த வன்னியும் சேர்ந்தே போய்விடும். நாட்டு மரம் போன இடத்தில் மறுபடி வருவது சீமைதான்.

பூவைப் பாருங்கள், குழப்பம் பாதி தீரும். நாட்டுக்கருவேலத்தில் பொன் மஞ்சளில் குட்டி உருண்டைப் பூ. சீமைக்கருவேலத்தில் விரல் நீளத்துக்கு வால் போலத் தொங்கும், பச்சை கலந்த மஞ்சள் பூங்கதிர். காய் இன்னும் தெளிவானது. நாட்டுக்கருவேலத்தின் காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்ததுபோல் சாம்பல் நிறமாக இருக்கும். சீமையின் காய் தட்டையாக, லேசாக வளைந்து, பழுத்தால் வெளிர் மஞ்சளாகி இனிக்கும். வன்னிக்கும் கதிர்ப் பூதான், அதனால் ஏமாறக்கூடும். அதன் முள்ளைப் பாருங்கள். வன்னியில் சிறிய கூம்பு முள் தண்டின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். சீமையில் கணுவுக்குக் கணு பெரும்பாலும் இரட்டை முள். உடை மரமோ குடை விரித்ததுபோல் மேலே தட்டையாகப் படர்ந்து நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

வேலை தொடங்குவதற்கு முன்பே ஊரில் ஆடு மேய்க்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கண்மாயைச் சுற்றுங்கள். காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்புயரத்தில் சுண்ணாம்பால் பட்டை அடியுங்கள். இந்த வேலையை ஊர்க்காரர்களே செய்யுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், மழையை விரட்டும், இதில் பறவை கூடு கட்டாது, நிழலில் நின்ற மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்பி ஊரைத் திரட்டாதீர்கள். பறவைகள் சரணாலயங்களான கூந்தன்குளத்திலும் காஞ்சிரங்குளத்திலும் நாரைகள் சீமைக்கருவேலத்தின் மேல் கூடு கட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். மரத்தின் மீதான உண்மையான வழக்கே போதுமான அளவு பலமானது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைக்கிறது, தண்ணீர் தேங்கும் உள்வாயில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது, ஆழமாக வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது, கீழே புல்லையும் நாட்டுச் செடியையும் எழவிடாமல் செய்கிறது, மேய்ச்சலைக் கொல்கிறது. பொய்யைச் சொல்லித் திரட்டிய கூட்டம், அந்தப் பொய் உடைந்த அன்றே கலைந்துவிடும்.

யாருடைய மரம்? கடிதம் யாருக்கு?

கண்மாயின் ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது பொதுவாக நீர்வளத் துறையின் கையில். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊரணி, குளம், மந்தை என்றால் பெரும்பாலும் ஊராட்சி. மற்ற புறம்போக்கு வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கிப் பார்த்து, எந்தப் புல எண் யார் கணக்கில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கண்மாயில் உள்வாய் ஒரு துறையிடமும் வரத்துக்கால் இன்னொரு துறையிடமும் இருக்கும். நடுவில் யாருக்காவது பட்டாவும் இருக்கும். எல்லைக்கல் தெரியாவிட்டால் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்துவிடுங்கள். கருவேலம் மண்டிய இடம்தான் ஆக்கிரமிப்பையும் மறைத்துவைத்திருக்கும். வெட்டிய பிறகு சண்டை வரும். அளந்துவிட்டு வெட்டினால் சண்டை சீக்கிரம் முடியும்.

பறவைகள் சரணாலயமோ காப்புக்காடோ பக்கத்தில் இருந்தால் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது. சரணாலயம் இல்லாத கண்மாயிலும் கூடு இருந்தால் அந்த மரங்களை விட்டுவிட வேண்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தின் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். அந்த அளவுக்கு வேண்டாம், கூடுள்ள மரத்தைச் சுற்றி நாட்டுக்கருவேலம் வளர்ந்து தாங்கும் வரைக்கும் பொறுத்திருந்தால் போதும்.

கிராம சபையில் என்ன தீர்மானம் போட வேண்டும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாள்கள். கோடையில் வெட்ட நினைத்தால் ஜனவரி 26-க்கே தீர்மானம் வந்துவிட வேண்டும். “சீமைக்கருவேலத்தை அகற்ற முடிவு செய்யப்பட்டது” என்ற ஒரு வரித் தீர்மானம் எதற்கும் உதவாது. புல எண் வாரியாக எங்கே அகற்றுவது, எந்த மரங்களை விடுவது, வரும் தொகையில் எத்தனை பங்கு மறுமுளைப்பைப் பறிக்கும் வேலைக்கு ஒதுக்கப்படும், அதை யார் கண்காணிப்பது என்ற நான்கும் தீர்மானத்தில் எழுத்தாக ஏற வேண்டும்.

கண்மாய் துறையின் கையில் இருந்தால் ஏலத்தொகை ஊராட்சிக்கு நேராக வராது. அப்படிப்பட்ட ஊர்களில் காசைக் கேட்டு மல்லுக்கு நிற்பதைவிட, தூர் எடுப்பதையும் மறுமுளை பறிப்பதையும் ஏல நிபந்தனைக்குள்ளேயே ஏற்றச் சொல்லித் துறையிடம் மனுக் கொடுப்பது நடக்கும் வழி. ஊரக வேலைத் திட்டத்தில் கன்று பறிப்பைச் சேர்க்க முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பெரிய தூர் எடுக்க அது உதவாது, கையால் பறிக்கும் வேலைக்குப் பொருந்தும்.

கூட்டத்தில் பேச வராதவர்கள் இருவகை. விறகு பொறுக்கி அடுப்பெரிக்கும் பெண்கள், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் சோறு போட்டது வயல் இல்லை, கரிதான். இவர்களைக் கேட்காமல் போடும் திட்டம் ராத்திரியோடு ராத்திரியாகத் தோற்கும். இவர்களை எதிரியாக்காமல் வேலைக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. நீர்நிலையில் உள்ள மரம் முழுக்கப் போகும். தரிசாய்க் கிடக்கும் பட்டா மேட்டில் உடைமைக்காரர் சம்மதத்தோடு ஒரு பகுதி விறகுக்காகவே நிற்கட்டும், ஆனால் காய் விழுவதற்கு முன் வெட்டும் முறையில். ஒரே கோடையில் எல்லாவற்றையும் சாய்க்காமல் மூன்று கோடைக்குப் பிரித்தால் அவர்களுக்கு மூன்று ஆண்டு வேலை, உங்களுக்குக் கண்காணிக்கத் தோதான பரப்பு. தூர் தோண்டுவதில் கை தேர்ந்தவர்களும் அவர்கள்தான்.

ஒரு ஏக்கர் வெட்டிப் பாருங்கள்

ஏலத்துக்கு முன் ஊரே ஒரு ஏக்கரை வெட்டிப் பார்ப்பது, நான் பார்த்தவரை, யாரும் செய்யாத ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை. நடுத்தர அடர்த்தியுள்ள ஓர் ஏக்கரைக் கயிறு பிடித்து அளந்துகொள்ளுங்கள். எத்தனை ஆள், எத்தனை நாள், ஜேசிபி எத்தனை மணி, எடைமேடையில் விறகு எத்தனை டன், தூர் எத்தனை டன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மண் மூட்டத்தில் சுமார் நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி விழும். ஆக, அன்றைய விறகு விலையும் கரி விலையும் தெரிந்தால் முழுக் கண்மாயின் மதிப்பு உங்கள் கையில். இந்த நோட்டு இல்லாமல் ஏலத்துக்குப் போனால் வியாபாரி சொல்வதுதான் விலை. அவர்கள் நாலு பேரும் முந்தின நாளே டீக்கடையில் பேசிவைத்துக்கொண்டு வருவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அந்த ஓர் ஏக்கரின் இன்னொரு பயன், தூர் எடுக்க ஆகும் செலவு தெரிந்துவிடும். விறகில் வரும் காசை இதோடு ஒப்பிட்டால், மிச்சம் எவ்வளவு மறுவேலைக்கு நிற்கும் என்று கணக்கு வரும். மிச்சமே வராது என்று தெரிந்தால் பரப்பைக் குறையுங்கள். நூறு ஏக்கரை வெட்டிவிட்டு விடுவதைவிட இருபது ஏக்கரை வெட்டிக் காப்பது மேல்.

ஏல நிபந்தனைகள்

ஒப்பந்தக்காரர் ஏன் தூரை விட்டுவிட்டுப் போகிறார்? தரைக்கு மேலே ஓர் அடி விட்டு அறுத்தால் வேலை வேகம், லாரி சீக்கிரம் நிறையும். தூரிலும் கரி நன்றாக விழும்தான், ஆனால் தோண்டும் கூலி அதை விழுங்கிவிடும். விட்ட தூர் அடுத்த மழையில் கொத்தாகத் துளிர்க்கும், மூன்று நான்கு ஆண்டில் மறுபடி ஏலத்துக்கு வரும். வியாபாரிக்கு இதில் நட்டமே இல்லை, பயிர்தான். அதை மாற்ற மூன்று நிபந்தனை வேண்டும்.

“வேரோடு அகற்ற வேண்டும்” என்று மொட்டையாக எழுதாமல், “தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் வேர்க்கழுத்து துண்டிக்கப்பட வேண்டும்” என்று எழுதுங்கள். முன்வைப்புத் தொகையில் கணிசமான பகுதி, மரம் ஏற்றிய அன்று இல்லாமல் முதல் மழைக்குப் பிறகு தூர் துளிர்க்கவில்லை என்று ஊர்க்குழு பார்த்துக் கையெழுத்திட்ட பின்பே திரும்பக் கிடைக்க வேண்டும். மூன்றாவது, சுண்ணாம்புப் பட்டை அடித்த மரம் ஒன்று விழுந்தாலும் எவ்வளவு தண்டம் என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும். தோண்டிய குழியை மூடுவதும் அவர் பொறுப்பு. இல்லாவிட்டால் தண்ணீர் பெருகியதும் பிள்ளைகள் குளிக்கப் போய்க் குழியில் சிக்குவார்கள்.

எப்போது, எங்கிருந்து?

நெல் அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கும் மாசி, பங்குனிதான் காலம். மண்ணில் கொஞ்சம் ஈரம் இருப்பதால் தூர் இளகிக் கொடுக்கும். கோடையில் காய் பழுத்து உதிர்வதற்கு முன் மரத்தைச் சாய்த்துவிடலாம். வைகாசிக்கு மேல் இழுத்தால் தரை முழுக்கக் காய் கிடக்கும், அதை ஜேசிபி சக்கரமே மண்ணுக்குள் விதைத்துவிட்டுப் போகும். கூடு கட்டும் பறவை இருக்கும் கண்மாய்க்கு இந்தக் கால அட்டவணை பொருந்தாது. குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பகுதியைத் தள்ளிவையுங்கள்.

கண்மாய்க்குள் நடுவே இறங்கி வெட்டத் தொடங்குவதுதான் வழக்கம், அங்கேதான் பெரிய மரம் நிற்கும். அப்படிச் செய்யாதீர்கள். வரத்துக்காலின் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். ஓடும் தண்ணீர்தான் மேலேயிருந்து விதையைக் கொண்டுவருகிறது. மேலே நிற்கும் மரத்தை விட்டுவிட்டுக் கீழே எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை. வரத்துக்கால் முடிந்ததும் மிகைநீர் வழியும் கலுங்கு, வயலுக்குத் தண்ணீர் விடும் மடை. இந்த மூன்றும் சுத்தமானால் அந்த மழைக்கே தண்ணீர் சற்று முன்னதாக வந்து சேரும், ஊர் கண்ணால் பார்க்கும், அடுத்த ஆண்டுக்கு ஆள் சேரும். அதன் பிறகு உள்வாய். கடைசியில் கரை.

வைகைப் பாசனத்தில் கண்மாய்கள் ஒன்றின் கலுங்குத் தண்ணீர் அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக இருக்கும். மேல்கண்மாய் ஊரோடு பேசாமல் தொடங்கும் கீழ்கண்மாய் ஊர், அவர்கள் விதையைப் பறித்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான்.

தூர் எடுக்கும் முறை

மரம் துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்தில்தான் இருக்கின்றன. தரைக்குக் கீழே ஒரு சாண் முதல் ஓர் அடி வரை. அதற்குக் கீழே வெட்டினால் மிச்ச வேர் மண்ணுக்குள் மக்கிப்போகும். ஆணிவேர் முழுவதையும் உருவ வேண்டிய அவசியம் கிடையாது. நிறையப் பேர் இந்த இடத்தில் வீணாக டீசலை எரிக்கிறார்கள்.

சிறிய, நடுத்தர மரத்தை முதலில் அறுக்காதீர்கள். தண்டோடு சேர்த்து ஜேசிபியின் வாளி பல்லால் பக்கத்து மண்ணை இளக்கித் தள்ளினால் தண்டின் பளுவே தூரைப் பெயர்த்துக் கொடுக்கும். அறுத்த பிறகு மொட்டைத் தூரைப் பெயர்ப்பது இரட்டிப்பு வேலை. பெருத்த மரத்துக்குக் கிளையைக் கழித்துவிட்டு, சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்குப் பறித்து, பக்கவேர்களைக் கோடாரியால் வெட்டி, பிறகு தள்ளுங்கள்.

கரையில் ஜேசிபியை விடக் கூடாது. கரையில் தூரைப் பெயர்த்தால் அந்தப் பள்ளத்திலிருந்தே தண்ணீர் கசிந்து, ஒரு பெருமழையில் கரை உடையும். அங்கே கடப்பாரையும் மண்வெட்டியும் மட்டும்தான். தூரைச் சுற்றிக் கையால் தோண்டி, கழுத்துக்குக் கீழே வெட்டி, அதே நாளில் களிமண்ணைப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து மூடுங்கள். பெரிய மரம் என்றால் கரை பலம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அப்படிப்பட்ட மரத்தைத் தோண்டாமல் தரையோடு அறுத்துவிட்டு, மாதம் ஒருமுறை துளிரை முறித்துக்கொண்டே வாருங்கள். இலை இல்லாமல் வேரில் சேர்த்துவைத்ததெல்லாம் தீர்ந்து மெல்ல மெல்ல வலுவிழக்கும். இதற்குப் பொறுமை வேண்டும், வேறு வழியில்லை. களைக்கொல்லி தெளிக்கலாமே என்று கடைக்காரர் சொல்வார். ஆடு மாடு குடிக்கும், மீன் பிடித்துத் தின்னும் தண்ணீரில் அது வேண்டாம் என்பது என் முடிவு. கிளைகளை அங்கேயே தீவைத்துக் கொளுத்துவதும் வேண்டாம். பக்கத்துப் பனை கருகும், நாட்டு மரக் கன்று போகும், விறகுக் காசும் போகும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. இந்த முள் டிராக்டர் டயரையே துளைக்கும், ரப்பர் செருப்பு எம்மாத்திரம். தடித்த அடி வைத்த காலணி எல்லோருக்கும் வாங்கிக் கொடுங்கள், அது ஏலத் தொகையின் முதல் செலவாக இருக்கட்டும். முள் மூட்டில் ஏறி உள்ளே ஒடிந்தால் வீங்கிச் சீழ் வைக்கும், மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் டிடி ஊசி போட்டுக்கொள்ளட்டும். புதருக்குள் சுருட்டை விரியன் இருக்கும், கண்ணாடி விரியன் இருக்கும். வெட்டிய கிளையைக் கையால் இழுக்காமல் கவைக்கம்பால் இழுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்பதையும், அங்கே போக வண்டி எது என்பதையும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மழைக்குப் பிறகுதான் வேலை

வெட்டி முடித்த கண்மாய் வெட்டவெளியாகக் கிடக்கும்போது எல்லோரும் படம் எடுத்துப் போடுவார்கள். இரண்டு மழை பெய்யட்டும், தரை பச்சைப் பாய் விரித்ததுபோல் கன்றாக எழும்பும். பல ஆண்டுகளாக மண்ணில் கிடந்த விதை அது. ஓடு தடித்த விதை, காத்திருக்கத் தெரிந்தது. மேலே நிழல் போனதும் முளைக்கிறது.

இதில் பதற ஒன்றுமில்லை. முளைத்தது கையில் வரும், முளைக்காமல் மண்ணில் கிடப்பதுதான் ஆபத்து. ஆனால் பறிக்க வேண்டிய காலம் குறுகியது. ஒரு மாதக் கன்று ஈர மண்ணில் இரண்டு விரலால் இழுத்தால் வேரோடு வரும். இரண்டு மாதத்தில் ஆணிவேர் ஒரு முழத்தை நெருங்கிவிடும், அப்புறம் இழுத்தால் தண்டு மட்டும் அறுந்து கையில் வரும், கழுத்து உள்ளே நின்றுவிடும். ஓர் ஆண்டு விட்டால் கடப்பாரை. இரண்டு மூன்று ஆண்டு விட்டால் மறுபடி ஜேசிபி. தாமதம் ஏற ஏறச் செலவு எப்படி ஏறுகிறது என்பதை உங்கள் சோதனை ஏக்கர் நோட்டை வைத்து ஊர்க்கூட்டத்தில் காட்டுங்கள்.

ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் பறிப்பு. நிறைந்த கண்மாயின் ஆழப் பகுதியில் முழுக்க மூழ்கிய பிஞ்சுக் கன்று பிழைப்பது அரிது. தப்புவது தண்ணீர் விளிம்பிலும் மேட்டிலும் வரத்துக்கால் ஓரத்திலும்தான். அதனால் மொத்தப் பரப்பையும் நடந்து அலைய வேண்டாம், விளிம்பைப் பிடித்துப் போனால் போதும். தண்ணீர் இறங்க இறங்க விளிம்பும் இறங்கும், தை, மாசியில் இன்னொரு சுற்று.

ஆள்? சிரமதானம் முதல் ஞாயிறு நன்றாக நடக்கும், இரண்டாவது ஞாயிறு பாதி, மூன்றாவது ஞாயிறு தலைவரும் அவர் மச்சானும். இதை மனிதக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் முன்பே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்மாயைத் தெருவுக்கு ஒரு பகுதியாகப் பிரித்து எல்லை நட்டுக் கொடுப்பது ஓரளவு உதவும். அதைவிட உறுதியானது, ஒதுக்கிவைத்த விறகுக் காசிலிருந்து நான்கைந்து பேருக்கு இந்த மாதங்களில் கூலி கொடுத்து நிறுத்துவது. மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி இன்னும் இருக்கும் ஊர் என்றால் அவரையே மேற்பார்வைக்குப் போடுங்கள், கண்மாயின் ஒவ்வொரு மூலையும் அவர் கால் பட்ட இடம். முதல் மூன்று ஆண்டு முழுக் கூலி, பிறகு பாதி, ஐந்தாம் ஆண்டிலிருந்து மழைக்குப் பிறகு ஒரு சுற்று என்று தொகையைப் பிரித்து வைக்கலாம். அடியோடு நிறுத்தும் ஆண்டு என்று ஒன்று கிடையாது.

ஆடு, மாடு, கிடை

காய் இனிப்பு. கோடையில் புல் காய்ந்த பிறகு மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதுதான் தீனி. சதை செரித்துவிடும், விதையில் ஒரு பங்கு உயிரோடு சாணத்தில் வரும், வயிற்றில் ஓடு இளகியதால் முன்னைவிட நன்றாக முளைக்கும், எருவும் கூடவே. இதைவிட நல்ல விதைப்பு முறை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வயிற்றில் விதை சில நாள் தங்கும் என்பதால், கருவேலங்காட்டில் மேய்ந்த ஆட்டுக் கிடையை, அதை ஓட்டி வரும் கீதாரி அன்றைக்கே உங்கள் வயலில் அடைத்தால் வயலிலும் முளைக்கும். கிடைக்குப் பேசும்போதே எங்கே மேய்ந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடைக் கிடை போட்ட வயலை மழைக்குப் பின் ஒருமுறை நடந்து பாருங்கள்.

காயைப் பொறுக்கி, காயவைத்து, விதையோடு அரைத்து மாவாக்கித் தீவனத்தில் கலந்தால் விதையும் சாகும், மாட்டுக்குச் சத்தும் சேரும். அளவாக மட்டும், வெறும் காயையே மாதக்கணக்கில் தின்னும் கால்நடைக்குத் தாடை நரம்பு தளரும். கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கத்து இல்சாமுஸ் மக்கள், இந்தக் காயைத் தின்று பல்லிழந்த ஆட்டை நீதிமன்றத்துக்கே சான்றாகக் கூட்டிப்போய் அரசின் மீது வழக்குப் போட்டார்கள். அங்கேயும் பாலைவனத்தைத் தடுக்க, விறகு கொடுக்க என்று சொல்லித்தான் நட்டார்கள். 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் ஊன்றியபோதும் இதே காரணம்தான்.

வெறும் தரையாக விடாதீர்கள்

உள்வாயில் நாட்டுக்கருவேலம், அதுவும் நெருக்கமாக இல்லாமல். கரையின் வெளிச்சரிவில் பனை; விதையாகவே ஊன்றலாம், செலவில்லை, பிறகு ஆடும் கடிக்காது. வரத்துக்கால் ஓரத்தில் நீர்மருது, புங்கம், நாவல். உவர் மண்ணாக இருந்தால் இவற்றில் பாதி நிற்காது. அங்கே உகாய், வன்னி, உடை. கரைச்சரிவில் மண் அரிக்காமல் இருக்க வெட்டிவேர் வரிசை. கன்றுக்கு வேலி போட வெட்டிய சீமைக்கருவேல முள்ளையே பயன்படுத்தலாம், காய் இல்லாத கிளையாகப் பார்த்து.

நட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாட்டு மரக் கன்று தலை தூக்க நாலைந்து ஆண்டு ஆகும், அதுவரைக்கும் சீமைக் கன்று அதைவிட வேகமாக வளரும். கடற்கரை மணல்மேட்டிலும் செங்குத்தான ஓடைக்கரையிலும் மாற்று மரம் வேர் பிடிக்கும் முன் சீமையைப் பெயர்த்தால் மண் போய்விடும். அந்த இடங்களில் முதலில் நடவு, பிறகு வெட்டு.

தண்ணீர் வந்த பிறகு கவனிக்க வேண்டியவை

கருவேலம் போன ஈரமான ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு நுழையும். ஊதாப் பூவைப் பார்த்து அழகென்று விட்டுவிடுவார்கள். அதன் தண்டுத் துண்டு ஒன்று சேற்றில் விழுந்தாலே வேர்விடும், எனவே வெட்டிப் போடாமல் வேரோடு பிடுங்கி மேட்டில் காயப்போடுங்கள். ஆகாயத்தாமரை மேல்கண்மாயிலிருந்து மிதந்து வரும். வரத்துக்கால் வாயில் மூங்கில் தட்டி கட்டி, தேங்கியதை வாரத்துக்கொருமுறை அள்ளிக் கரையேற்றினால் உள்ளே பெருகாது.

மீன் குத்தகைக்கு விடும்போது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதுங்கள். அரசு தடை செய்த மீன் அது. நாட்டுத் தேளி என்று சொல்லி விற்பார்கள்; வேகமாக வளரும், கெண்டையையும் விராலையும் அவற்றின் குஞ்சையும் தின்று தீர்க்கும், காற்றை நேராகச் சுவாசிப்பதால் சேற்றிலும் உயிரோடு கிடக்கும். வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுவந்து விடும் டேங்க் கிளீனர் மீனும் அப்படித்தான். கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும், தின்னவும் உதவாது. கண்மாய் அடிவரை வற்றிய கோடையில் மட்டுமே இவற்றை அடியோடு எடுக்க முடியும். வற்றிய கண்மாயில் மீன் முழுவதையும் பிடிக்கும் மீன் அழிப்பு நாளில் இந்த இரண்டையும் மறுபடி தண்ணீருக்குள் எறியாமல் கரையிலேயே குழிதோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள், குத்தகைதாரர் முன்னிலையில்.

பட்டா நிலத்து மரம் பற்றிய கேள்வி கடைசியில் வரும். வெளியூரில் இருக்கும் பங்காளியின் தரிசு கண்மாயை ஒட்டிக் காடாகக் கிடக்கும், ஊர் எத்தனை பறித்தாலும் அங்கேயிருந்து காய் வந்துகொண்டே இருக்கும். அவருக்குத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல், விறகுக் காசில் பாதியை அவருக்கே கொடுத்துவிடுகிறோம், தூரை ஊர் எடுத்துக்கொள்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாத இடத்தில் வேலியை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு ஊர்ப் பக்கம் ஒரு பட்டையைத் தனியாகக் குறித்து, அங்கே மட்டும் மாதாமாதம் பறிக்கும் கூலியைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.